காத்தவர் கணக்கு

பழனிமலைத் தொடரின் மேல்மலை ஊர்களில் சமநிலம் அரிய பொருள். சரிவை வெட்டிப் படிப்படியாக்கினால்தான் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும், வீடு எழும், பள்ளியும் ஆலயமும் நிற்கும். அத்தகைய ஓர் ஊரில் நான் இளங்குருவாகப் பணியாற்றிய நாள்களில், ஆலயத்தின் பின்புறம் மலையை வெட்டி அமைத்த சிறு திடல் ஒன்று எங்களுக்கு இருந்தது. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளத்தாக்கு. பந்து பள்ளத்தில் விழுந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். சிறுவர் இருவர் இறங்கிச் சென்று, முட்புதரில் தேடி, அதை எடுத்துவரும்வரை இரு அணியினரும் இடுப்பில் கைவைத்தபடி காத்து நிற்பர்.

மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழா. அதையொட்டி அத்திடலில் கால்பந்துப் போட்டி நடைபெறும். மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் அணிகள் ஜீப்புகளில் வந்து இறங்கும். ஓராண்டு, பரிசுப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது, இளைஞர் இயக்கச் செயலாளரிடம் ஒரு வினா எழுப்பினேன். வென்ற அணிக்குச் சுழற்கேடயம் உண்டு. மிகுதியாகக் கோல் அடித்தவருக்கு வெள்ளிக் கிண்ணம் உண்டு. பின்னால் நின்று தடுத்தாடுகிறவருக்கு ஏன் ஒன்றுமில்லை? அவர் எழுதுகோலை நிறுத்தாமலேயே மறுமொழி சொன்னார்: "அடிச்ச கோலை எண்ணலாம் ஃபாதர். அடிக்காத கோலை எப்படி எண்ணுறது?"

அன்று நான் சிரித்துவிட்டேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. நிகழ்ந்த நன்மையை எண்ணலாம், எழுதலாம், கொண்டாடலாம். நிகழாமற்போன தீமையை எந்தக் கணக்கேட்டில் வரவு வைப்பது? தீமை நிகழாதபடி தடுத்து நிற்பதும் நன்மை செய்வதற்கு ஈடான அறமாகுமா? அன்றி, அது வெறும் காவற்பணிதானா? விளையாட்டுத் திடலில் தொடங்கும் இவ்வினா வீட்டிற்கும் நாட்டிற்கும் ஆன்மாவிற்கும் உரியது என்பதாலேயே இதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கால்பந்து உலகம் தன் பின்கள வீரர்களை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பதை முதலில் காண்போம். ஜெர்மானியர் கார்ல் ஹெய்ன்ஸ் ஷ்னெலிங்கர் தம் நாட்டிற்காக 47 ஆட்டங்கள் ஆடிய பின்கள வீரர். நான்கு உலகக் கோப்பைப் போட்டிகளில் களம் கண்டவர். 2024-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தபோது உலகம் எதனை நினைவுகூர்ந்தது? 1970-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மெக்சிகோ நகரில், இத்தாலிக்கு எதிரான அரையிறுதி ஆட்டத்தின் இறுதி நொடிகளில் அவர் அடித்த ஒரு கோலை. நாட்டு அணிக்காக அவர் அடித்த ஒரே கோல் அதுதான். அதே 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்த ஆந்திரேயாஸ் பிரேமேயும் பின்கள வீரரே. 1990-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், 85-ஆம் நிமிடத்தில், தண்டனை உதையைக் கோலாக்கியவர் என்றே அவரை மக்கள் அறிவர்.

நம் நாட்டில் மட்டும் வேறா? ஜர்னைல் சிங்கை விடச் சிறந்த பின்கள வீரரை இந்தியா பெற்றதில்லை என்பர். மோகன் பகான் கழகத்தின் அரணாக விளங்கியவர். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. காயம்பட்ட தலையோடு பின்களத்தில் நிறுத்த இயலாத நிலையில், பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் அவரை முன்களத்தில் ஆடவிட்டார். அரையிறுதியிலும் அவர் கோல் அடித்தார்; செப்டம்பர் 4-ஆம் நாள் தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் அடித்தார். இந்தியா 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. இந்நாட்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரரின் பெயரைச் சொன்னவுடன் நம் நினைவிற்கு வருவது அவர் அடித்த கோல்! அதே இறுதி ஆட்டத்தில் கம்பங்களுக்கிடையே நின்றவர் பீட்டர் தங்கராஜ். நமக்கு அண்டை மலையான நீலகிரியின் வெலிங்டன் படைமுகாமில் முன்கள வீரராக ஆடத் தொடங்கி, பின்னர்க் கோல்காப்பாளராக மாறியவர். காப்பவர் ஒருவர் முன்னே சென்றார். முன்னே ஆடியவர் ஒருவர் காக்க வந்தார். முன்னவரின் கோல் நூல்களில் இருக்கிறது. பின்னவர் அன்று தடுத்தவை எத்தனை என்று எவரும் சொல்வதில்லை.

தடுப்பவரை நாம் அறவே மறந்துவிடுவதில்லை. அவர் தம் பணியை விட்டு வேறொன்றைச் செய்த நாளில் மட்டும் அவரை நினைக்கிறோம். அல்லது அவர் தம் பணியில் தவறிய நாளில்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, அக்குவினா நகர்ப் புனித தோமாவின் 'இறையியல் தொகை'யில் ஒரு பகுதி எனக்கு வியப்பளித்தது. நான்கு தலையாய நற்பண்புகளுள் ஒன்றான மனத்திடத்தைப் பற்றி ஆராயுமிடத்தில், 123-ஆம் வினாவில், அவர் இவ்வாறு கேட்கிறார்: மனத்திடத்தின் தலையாய செயல் எது? பகையை எதிர்த்துப் பாய்வதா, நின்று தாங்குவதா? வீரம் என்றால் பாய்ச்சல் என்று எண்ணுகிற நமக்கு அவருடைய விடை எதிர்பாராதது. தாங்கி நிற்பதே தலையாயது என்கிறார். அதற்கு மூன்று காரணங்களைக் காட்டுகிறார். பாய்கிறவன் தன்னை வலியவனாக எண்ணிப் பாய்கிறான். தாங்குகிறவனோ தன்னிலும் வலியதை எதிர்கொள்கிறான். பாய்கிறவனுக்கு ஆபத்து இனி வரப்போவது. தாங்குகிறவனுக்கு அது இப்போதே மேலே விழுந்திருப்பது. பாய்ச்சல் ஒரு கணத்தில் முடிந்துவிடலாம். தாங்குதலுக்கோ நெடுநேரம் வேண்டும்.

இம்மூன்றையும் ஒரு கால்பந்துத் திடலில் பொருத்திப் பாருங்கள். முன்கள வீரன் தன் கணத்தைத் தானே தேர்ந்துகொள்கிறான். பத்து முறை முயன்று ஒன்பது முறை தவறி ஒருமுறை வென்றால் அவன் வீரன். பின்கள வீரனுக்குக் கணத்தைத் தேரும் உரிமை இல்லை; எதிரி தேர்ந்த கணத்தில் அவன் அங்கே இருந்தாக வேண்டும். ஒன்பது முறை தடுத்துப் பத்தாம் முறை தவறினால் அவன் குற்றவாளி. தொண்ணூறு நிமிடங்களில் அவனுக்கு வெற்றிக் கணம் என்று ஒன்று கிடையாது. ஆட்டம் முடிந்த ஊதல் ஒலிக்கும்போது, ஒன்றும் நிகழவில்லை என்பதே அவன் பெற்ற பேறு.

ஆனால் அந்த 'ஒன்றும் நிகழவில்லை' எளிதாக வருவதன்று. இதற்குச் சான்றாக ஒரு ஜெர்மானிய வீரரின் வாழ்வைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். அவர் பெயர் பெர் மெர்ட்டசாக்கர். 1984-இல் ஹனோவர் நகரில் பிறந்தவர். ஆறரை அடி உயரம். கட்டாயப் படைப்பணிக்கு மாற்றாக இளமையில் மனநல மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றியவர். ஹனோவர், பிரேமன், பின்னர் இலண்டனின் ஆர்செனல் என மூன்று கழகங்களில் நடுப் பின்களத்தில் நின்றார். 2004 முதல் 2014 வரை நாட்டு அணிக்காக 104 ஆட்டங்கள் ஆடினார். அடித்த கோல்கள் நான்கே நான்கு. 2014 உலகக் கோப்பையில் முதல் நான்கு ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தே ஆடினார். காலிறுதியில் பயிற்சியாளர் அவரை வெளியே அமர்த்தினார். அவர் முணுமுணுக்கவில்லை. ஜூலை 13-ஆம் நாள் இறுதி ஆட்டம்; 113-ஆம் நிமிடத்தில் ஜெர்மனி கோல் அடித்து முன்னிலை பெற்றது. 120-ஆம் நிமிடத்தில், இனி ஒன்றும் நிகழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலையில், அவரை உள்ளே அனுப்பினர். சிறிது நேரமே ஆடினார். ஒன்றும் நிகழவில்லை. ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது.

மூன்றாண்டுகளுக்குப்பின், 2017-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள், முழங்கால் காயத்தால் ஏறத்தாழ அந்தப் பருவம் முழுவதும் வெளியே இருந்தவரை இங்கிலாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இறக்கினர். எதிரே அவ்வாண்டின் தேசிய வாகையரான செல்சி அணி. அன்று அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்கள் பாறை என்றார்கள், சுவர் என்றார்கள். ஆர்செனல் 2-1 என்று வென்றது.

ஆனால் அந்தச் சுவருக்குள் என்ன இருந்தது? 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஓய்வுபெறும் தறுவாயில், ஜெர்மானிய வார இதழ் ஒன்றின் வாயிலாக அவரே அதை உலகிற்கு வெளிப்படுத்தினார். ஆட்டநாள் காலைகளில் வயிறு கலங்கும். திடலில் இறங்கி ஆட்டம் தொடங்கும் முன்னர்க் குமட்டல் எழும். கண்ணில் நீர் முட்டும். பிறர் காணாதபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2006-இல் தம் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்றபோது, ஏமாற்றத்தை விட, பாரம் இறங்கிய நிம்மதியே தமக்குப் பெரிதாக இருந்தது என்றும் அவர் ஒளிக்காமல் கூறினார். நாடே அழுத இரவில், நாட்டின் காவலருள் ஒருவர் உள்ளுக்குள் அமைதியாக மூச்சுவிட்டிருக்கிறார்! ஹனோவர் அணியில் அவரோடு ஆடிய கோல்காப்பாளர் ராபர்ட் என்கே, மனச்சோர்வு நோயால் 2009-ஆம் ஆண்டு நவம்பரில் தம் உயிரையே மாய்த்துக்கொண்டவர். காக்கிறவரின் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று கேளாமல் இருப்பதன் விலையை மெர்ட்டசாக்கர் அருகிலிருந்து அறிந்தவர்.

இவ்வளவு அஞ்சியவரை வீரர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்டனர். புனித தோமாவிடம் கேட்டால் தயங்காமல் சொல்லலாம் என்பார். மனத்திடம் என்பது அச்சம் இல்லாமை அன்று, அச்சத்தை ஆளுதல். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமையை அவர் குறைபாடாகவே கணக்கிடுகிறார். குமட்டிய வயிற்றோடு திடலில் இறங்கி, இறங்கியபின் தம் இடத்தை விட்டு நகராது நின்றவரிடம் இருந்த திடம், அச்சமே அறியாதவனிடம் இருக்க வாய்ப்பில்லை. அவன் எதைத் தாங்கினான்?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 'தடுப்பது' எப்போதும் அறமாகுமா? கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரைக் காத்து நிற்பவரும் ஒருவகைக் காவலர்தாமே! மேலும், நற்செய்தியில் வரும் தாலந்து உவமையில், தலைவர் தந்ததை மண்ணில் புதைத்துவைத்த ஊழியனும் அதைக் காக்கத்தான் செய்தான். ஒரு காசும் குறையாமல் திருப்பித் தந்தான். அவனைத் தலைவர் கண்டித்தாரே, ஏன்?

இம்மறுப்பு நேர்மையானது. ஒருவர் எத்துணைத் திறமையாகக் காக்கிறார் என்பதை மட்டும் வைத்து அவரைப் புகழ முடியாது. அவருக்குப் பின்னால் இருப்பது எது, அது வளர்கிறதா என்று கேட்க வேண்டும். சாதிச் சுவருக்குப் பின்னால் இருப்பது ஆணவம், அது காக்கத்தக்கதன்று. தாலந்தைப் புதைத்தவனுக்குப் பின்னால் இருந்ததோ அவனேதான். தன்மீது பழி வந்துவிடக்கூடாது என்ற கவலையில் தாலந்தைக் குழியில் இட்டான். அது அங்கே செத்துக் கிடந்தது. உண்மையான காவலர் தமக்குப் பின்னால் ஒன்று உயிரோடு வளர்வதற்காகத் தம்மை முன்னே நிறுத்துகிறார். வேலி காப்பது பயிருக்காக. பயிரில்லாத வேலி வெறும் முள்.

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியையும் அருவியையும் கண்டு மகிழ்கிறார்கள். மடிப்புப் பள்ளங்களில் கரும்பச்சையாய் ஒடுங்கிக் கிடக்கும் சோலைக்காடுகளை நின்று பார்ப்போர் சிலரே. பெய்யும் மழையை ஓடவிடாமல் தாங்கி, பாசியிலும் மட்கிலும் வேரிலும் தேக்கி, சிறிது சிறிதாகக் கசியவிடுபவை அவையே. வைகைக்கும் அமராவதிக்கும் இம்மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் கோடையிலும் உயிரோடிருப்பதற்கு அவையும் காரணம். சரியாத மண்ணையும் வற்றாத ஊற்றையும் எவரும் படம் எடுப்பதில்லை.

இன்னொரு சான்று. என் இளமையில் ஒவ்வோர் ஊரிலும் இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் இருந்தார்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை 2011-ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் இந்தியா போலியோ நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. இன்று நம் திடல்களில் ஓடும் சிறுவருள் எவனுக்கும், தான் நடக்க முடியாமல் போயிருக்கக்கூடும் என்ற எண்ணமே இல்லை. சொட்டுமருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜீப்பும் போகாத மலைச்சிற்றூர்களுக்கு நடந்தே சென்ற செவிலியருக்கு எந்தக் காலும் நன்றி சொல்லவில்லை. அவர்கள் பணி முழுமையாக வென்றதற்கு அதுவே அடையாளம்.

எங்கள் திருவிழாவின் நாயகரான புனித சூசையப்பரும் இவ்வரிசையில் நிற்பவர்தாம். அவர் பேசிய ஒரு சொல்லையும் நற்செய்தியாளர்கள் பதிவு செய்யவில்லை. இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார் என்று எழுதியிருக்கிறார்கள். ஏரோதின் வாள் அக்குழந்தையை எட்டவில்லை. அந்த எட்டாமையே அவர் வாழ்வின் பெருஞ்செயல்.

இவ்வளவும் எழுதத் தெரிந்த நான், எழுத வேண்டிய மற்றொன்றை இதுவரை தள்ளிவைத்திருக்கிறேன்.

முதலில் சொன்ன அந்த மலைத்திடலில், இருபது ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர் அணி இறுதி ஆட்டத்திற்கு வந்தது. எங்கள் அணியில் பேக் ஆடியவன் பதினெட்டு வயது இளைஞன். பூண்டு வயலில் கூலிவேலை செய்துகொண்டே ஆட வருவான். இறுதி ஆட்டத்தின் நடுவே மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தது. எதிரணியினர் உயர அனுப்பிய பந்தை வெளியே தள்ள அவன் காலை வீசினான். பந்து அவன் காலின் ஓரத்தில் பட்டு, எங்கள் கோலியைத் தாண்டி, எங்கள் கம்பங்களுக்குள்ளேயே போயிற்று. சேம்சைடு கோல். கேடயம் அடுத்த ஊருக்குப் போனது.

பரிசளிப்பு விழாவில் ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. தோற்ற கசப்பு என் நாவில் இருந்தது. "எதிரணிக்கு ஆள் பற்றவில்லை என்று நம் ஊரிலிருந்தே ஒருவரைக் கடன் கொடுத்துவிட்டோம்" என்று சொன்னேன். கூட்டம் சிரித்தது. கூட்டத்தைச் சிரிக்கவைத்த மகிழ்ச்சியில் நானும் சிரித்தேன். அவன் மண்மேட்டின் ஓரத்தில் நனைந்த சட்டையோடு நின்றிருந்தான்.

மறுவாரம் அவன் தாய் அறைவீட்டிற்கு வந்தார். வாசற்படிக்குக் கீழேயே நின்றார். "சாமி, அவன் பந்து விளையாடப் போகமாட்டேங்குறான். பூசைக்கும் வரமாட்டேங்குறான். ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் 'கடன் கொடுத்தவன்'னு கூப்பிடுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுரும்" என்றார். "சொல்கிறேன் அம்மா" என்றேன். சொல்லவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. திருவிழாக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது, பிறகு மழைக்காலம், பிறகு எனக்கு மாறுதல் வந்துவிட்டது. தன்மானம் என்பதற்கு நாம் வைத்திருக்கும் மாற்றுப் பெயர்கள் பல.

1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், ஜூன் 22-ஆம் நாள், கொலம்பியாவின் பின்கள வீரர் ஆந்திரேஸ் எஸ்கோபார், எதிரணியின் பந்தைத் தடுக்கக் காலை நீட்டித் தம் பக்கமே கோலாக்கிவிட்டார். பத்து நாள் கழித்து, ஜூலை 2-ஆம் நாள், தம் சொந்த ஊரான மெடெலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அச்செய்தியை அந்நாளில் படித்துப் பதைத்தவன் நான். ஒரு பிழைக்காக ஒரு மனிதனைக் கொல்லவும் கை வருமா என்று கேட்டவன் நான். சில ஆண்டுகள் கழித்து என் கையில் ஒலிபெருக்கி வந்தபோது, நான் செய்தது அக்குலத்தைச் சேர்ந்த செயல் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நெடுநாள் கழித்தே மற்றொன்று நினைவிற்கு வந்தது. அதே ஆட்டத்தில், அந்தச் சேம்சைடு கோலுக்கு முன், உறுதியாக உள்ளே போயிருக்க வேண்டிய பந்துகள் மூன்றை அவன் தடுத்திருந்தான். ஒன்றைக் கோட்டின்மேல் நின்று தலையால் தள்ளினான். நான் அவற்றைக் கண்டேன்; கை தட்டினேன்; அப்போதே மறந்தேன். மறக்காமல் வைத்துக்கொண்டது நான்காவதை மட்டும்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஆண்டுத் தியானத்திற்காக மீண்டும் மலையேறினேன். தியானம் முடிந்து, பழைய பங்கைப் பார்த்துவர ஒருநாள் ஜீப்பில் போனேன். வழியில் ஒரு வளைவில் நான்கைந்து பேர் சரிவின் விளிம்பில் காய்ந்த புல்லையும் சருகையும் வெட்டி ஒதுக்கி, அகலமாகத் தீத்தடுப்புக் கோடு எடுத்துக்கொண்டிருந்தனர். கோடைக்கென வனத்துறை வேலைக்கு வைக்கும் தற்காலிகக் காவலர்கள். அவர்களுள் ஒருவர் என்னைப் பார்த்து அரிவாளைக் கீழே வைத்தார். நாற்பது வயதிருக்கும். முகத்தைவிட, அவர் நின்ற நிலையை வைத்தே அடையாளம் கண்டேன். கால்களைச் சற்று அகட்டி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர ஆயத்தமாய் நிற்கும் அந்நிலை.

நலம் விசாரித்தேன். இரண்டு பிள்ளைகள். ஆலயத்திற்கு எப்போதாவது போவதுண்டு. பிறகு, இருபது ஆண்டுகளாக வைத்திருந்ததை ஒருவாறு சொன்னேன்: "தம்பி, அன்றைக்கு ஒலிபெருக்கியில் நான் சொன்னது பெரிய தவறு. உன் அம்மா வந்து கேட்டும் நான் திருத்தவில்லை. என்னை மன்னித்துக்கொள்."

அவர் சற்றுநேரம் பேசவில்லை. கீழே பள்ளத்தைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு மழை ஃபாதர். பந்து வழுக்கிருச்சு" என்றார்.

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் கழித்தும் அவர் தம் பிழைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தடுத்த மூன்று பந்துகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

"நீ மூன்று கோல் தடுத்தாய். ஒன்றைக் கோட்டின்மேல் நின்று தலையால் தள்ளினாய். எனக்கு நினைவிருக்கிறது" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று எண்ணுவதுபோல் இருந்தது. "அதுவும் மழையிலதான் ஃபாதர்" என்றார். அப்போது அவர் முகம் மாறியது.

புறப்படுமுன், இவ்வாண்டு தீ எப்படி என்று கேட்டேன். "நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல ஃபாதர்" என்றார். மீண்டும் அரிவாளை எடுத்துக்கொண்டார். தீப்பற்றியிருந்தால் நாளிதழில் படம் வந்திருக்கும். பற்றாத காட்டைப் பற்றி எந்த இதழும் எழுதுவதில்லை.

அன்பர்களே, அடிக்காத கோலை எப்படி எண்ணுவது என்ற வினாவிற்கு இப்போது எனக்கு ஒருவாறு விடை தெரிகிறது. முழுமையாக எண்ண முடியாது. அக்கணக்கை முழுமையாக அறிந்தவர் இறைவன் ஒருவரே. ஆனால் நம் கண்முன் தடுக்கப்பட்டவற்றை நாம் நினைவில் வைக்கலாம். நினைவில் வைத்ததை உரியவரிடம் அவர் காதுகேட்கச் சொல்லலாம். அவர் ஒருமுறை தவறும்போது, தவறாத நாள்களையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம். கதவடைத்து விளக்கணைத்து நாம் நிம்மதியாக உறங்கச் செல்லும் ஒவ்வோர் இரவிலும், உறங்காத ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் வயிற்றிலும் அச்சம் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நான் இப்போது பணிபுரியும் பங்கு சமவெளியில் உள்ளது. இங்கும் திருவிழாவுக்குக் கால்பந்துப் போட்டி உண்டு. இவ்வாண்டு புதிய கிண்ணம் எதையும் நான் வாங்கவில்லை. ஒரு சிறு குறிப்பேடு மட்டும் வாங்கியிருக்கிறேன். ஆட்டம் நடக்கும்போது திடலோரம் அமர்ந்து, உள்ளே போகாத பந்துகளையும், அவற்றைத் தடுத்தவர் பெயர்களையும் அதில் எழுதப்போகிறேன். ஒலிபெருக்கி என் கைக்கு வரும்போது வாசிப்பதற்கு என்னிடம் ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?